ரதியின் புருவத் தழும்பு

போன வாரம் மகள் அச்சாறு போட வினாகிரி போத்தலைத் திறந்தாள். அந்தப் புளித்த வாடையில் எனக்கு ஹட்டனில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவின் இருட்டறை ஞாபகம் வந்துவிட்டது. படம் கழுவும் தட்டிலிருந்து இதே வாடைதான் எழும். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாது. பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் கையைச் சட்டைப்பைக்குள்தான் வைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். முதலாளி படம் எடுப்பார். நெகட்டிவில் பென்சிலாலும் பிளேடாலும் முகங்களைத் திருத்துவது என் வேலை. அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ்க் கருவளையம் எல்லாம் என் கைபட்டால் காணாமல் போகும். இலங்கை மலைநாட்டில் பாதிப் பேரை அழகாக்கியவன் நான்தான் என்றொரு மிதப்பு வேறு.

பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னையா என்றொருவர் வந்தார். குடும்பத்தோடு இந்தியாவுக்கே திரும்பிப் போகப் பாஸ்போர்ட் படம் வேண்டும். எடுத்து முடித்ததும் தயங்கி நின்றார்.

"இன்னொண்ணு எடுக்கணுங்க. பதினெட்டு வருசமா காமன் கூத்துல ரதி வேசம் கட்றேன். அங்க போனா யாருங்க நம்புவாங்க?"

மூட்டையில் சேலையும் சவுரியும் கொண்டுவந்திருந்தார். ஒரு மணி நேரம் அரிதாரம் பூசினார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பொன்று புருவத்தின்மேல் அதையும் மீறிப் பளபளத்தது. விளக்கைப் போட்டதும், மன்மதன் எரிந்த சேதி கேட்ட ரதியாக நிமிர்ந்தார். முதலாளியே ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டார்.

எனக்கோ அந்தத் தழும்புதான் உறுத்தியது. ரதிக்குத் தழும்பா? யாரும் சொல்லாமலே அதைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

பாஸ்போர்ட் படங்களை அந்த வாரமே வாங்கிப் போனவர், ரதி படத்துக்குச் சில மாதம் கழித்துத்தான் வந்தார். வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தாங்க இருக்கு. ஆனா இது நானில்லையே. அழுறப்ப இந்தத் தழும்பு நெளியுங்க. அதப் பார்த்துத்தான் லயத்து வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அழுவாங்க."

சுரண்டிய நெகட்டிவை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. "உக்காருங்கண்ணே, வேற எடுத்துருவோம்" என்றேன்.

"சேலையும் சவுரியும் அடுத்த ரதிக்குக் குடுத்துட்டேங்க. கப்பலேற நாளைக்கு எங்களுக்கு ரயிலு."

கோபப்படவில்லை. படத்தை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, "வாரேங்க" என்று சொல்லிப் போனார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பிறகு ஸ்டூடியோவும் மூடியது. நெகட்டிவ்கள் ஒரு மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிப் போயின. சின்னையாவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். நான் திருத்திய முகம்தான் வருகிறது. தழும்பு இடப் புருவத்திலா, வலப் புருவத்திலா என்பதுகூட இப்போது எனக்குத் தெரியவில்லை.