ஆலாவுக்கு எண்ணத் தெரியாது

நயா பைசா வந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அறந்தாங்கியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னால் ஸ்டுடியோ, நடுவில் டார்க் ரூம், பின்னால் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். நெகடிவ்வில் பென்சிலால் டச் பண்ணுகிற வேலையை அவர் எனக்குப் பழக்கியிருந்தார். அம்மைத் தழும்பை மறைப்பேன். மூக்குத்தியில் மினுக்கம் வைப்பேன். செத்தவர்களை உட்காரவைத்து எடுத்த படங்களில் கண்ணைத் திறந்துவைப்பதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு. அந்தக் கோடையில் அவர் செவ்வாய்தோறும் முதல் பஸ்ஸில் மணமேல்குடிக்குப் போக ஆரம்பித்தார். தோளில் கேமராப் பை, கையில் ஸ்டாண்டு.

"எங்க போறீங்க?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"கடக்கரைக்கு. படம் எடுக்க."

"யாரை?"

"பறவையை."

எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் படம் எடுப்பார்கள், சாவுக்கு எடுப்பார்கள், பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்கவைத்து எடுப்பார்கள். பறவையை எடுத்து யாரிடம் கொடுப்பது? அதுவும் பிலிம் ரோல் கிடைப்பதே கஷ்டமாக இருந்த நாளில்? சாயங்காலம் திரும்பும்போது முகம் கருத்துப்போயிருக்கும். வேட்டி மடிப்பிலிருந்து மணல் கொட்டும். நேரே டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மற்ற நாளில் எல்லா நெகடிவ்வும் என் கைக்கு வரும். செவ்வாய்க்கிழமை நெகடிவ் மட்டும் வராது.

"காட்டுங்களேன்" என்றால், "ஒண்ணும் சரியா வரலை" என்பார். எத்தனை வாரத்துக்குத்தான் ஒன்றும் சரியாக வராமல் இருக்கும்?

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, லைசென்ஸுக்குப் படம் எடுக்க ஒரு கண்டக்டர் வந்தார். மணமேல்குடி பஸ்ஸில் போகிறவர். தலையைச் சீவிக்கொண்டே, "ஒங்க வீட்டுக்காரரு அங்கிட்டு நெலம் கிலம் வாங்குறாராம்மா? பனங்காட்டு வழியா ஒரு பொம்பளை முன்னால போகுது, இவரு பின்னால போறாரு. ரெண்டு வாரமாப் பாக்குறேன்" என்றார். வேண்டுமென்று சொன்னாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. "ஆமாங்க, நெலந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சாவுக்குப் படம் எடுக்க அவரைக் கூட்டிப்போனார்கள். அவர் தலை மறைந்ததும் டார்க் ரூமுக்குள் போனேன். படம் கழுவுகிற ஹைப்போ ஜாடிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் சுருள் சுருளாக நெகடிவ். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறும் மணல். மறுபடியும் மணல். ஒரு மூலையில் இறக்கை மாதிரி ஒரு தீற்றல். வெறும் மணலை ஒரு மனுஷன் எதற்காக இத்தனை தடவை எடுக்கவேண்டும்? நான் என்றாவது தேடி எடுத்தால் கண்ணில் படட்டும் என்றே எடுத்துவைத்த படங்கள் போலிருந்தன.

கடைசிச் சுருளின் முதல் படத்தில் மணல்மேல் இரண்டு முட்டை இருந்தது. படத்தின் அடியில் நீளமாக இரண்டு நிழல். நெகடிவ்வில் நிழல் வெள்ளையாகத் தெரியும். ஒன்று ஸ்டாண்டைத் தூக்கிய ஆள். இன்னொன்றின் தலையில் கூடை, இடுப்புக்குக் கீழே காற்றில் பறக்கிற சேலை. இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. காலை வெயிலில் சற்றுத் தள்ளி நிற்கிற ஆட்களின் நிழலும் ஒட்டித் தெரியும், அது எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அன்று அந்த ஞாயத்தை என் மனசு எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த செவ்வாய் அவர் முதல் பஸ்ஸில் போனார். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். மணமேல்குடியில் இறங்கி, பனங்காட்டு வழியாகக் கிழக்கே நடந்தேன். உப்புப் பூத்த தரை. செருப்பில்லாத கால் பொசுங்கியது. என்ன கேட்கவேண்டும் என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே போனேன். கேட்டுவிட்டு எங்கே போவது என்பதை யோசிக்கவில்லை.

கடலோரம் ஒரு மணல்மேடு. அதன்மேல் பனையோலையால் மூடிய ஒரு கூடு, ஓர் ஆள் குந்தி உட்காரும் உயரம்தான். நான் பார்க்கும்போதே அதிலிருந்து ஒருத்தி குனிந்து வெளியே வந்தாள். முந்தானையை உதறிச் செருகினாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெற்கே நடந்தாள். முப்பது வயசு இருக்கலாம்.

விறுவிறுவென்று கூட்டை நோக்கிப் போனேன். மணலிலிருந்து வெள்ளைப் பறவைகள் கத்திக்கொண்டு கிளம்பி என் தலைக்கு நேராகப் பாய்ந்தன. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓலையை விலக்கினேன். உள்ளே அவர் சம்மணம் போட்டுக் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அவர் முகத்தில் வந்தது பயமா எரிச்சலா என்று அளந்து பார்த்தேன். எரிச்சல் மாதிரித்தான் இருந்தது.

"கெடுத்திட்டியே" என்றார்.

"யாரு அவ?"

"கிளிஞ்சல் பொறுக்குற பொம்பளை. சுண்ணாம்புக் காளவாய்க்கு."

"கிளிஞ்சலு இந்தக் கூட்டுக்குள்ளயா கெடக்கு?"

அவர் லென்ஸில் ஒட்டிய மணலை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு சொன்னார். "ஆள் உள்ள இருக்கான்னு தெரிஞ்சா இந்த ஆலாப் பறவை முட்டைக்கு வராது. மணிக்கணக்கா மேலேயே சுத்தும். ரெண்டு பேரா வந்து ஒரு ஆள் வெளிய போயிட்டா, எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சு எறங்கிரும். அதுக்கு எண்ணத் தெரியாது. இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அந்தப் பொம்பளைதான். அதுக்கு முன்னால எடுத்த படமெல்லாம் வெறும் மணலு. ஒன்கிட்ட காட்ட வெக்கமா இருந்துச்சு."

இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. 

பறவைகள் கத்துவதைக் கேட்டு அந்தப் பெண்ணே திரும்பி வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏண்ணே, அக்காகிட்ட சொல்லலையா?" என்று அவரைக் கேட்டாள். என்னைவிட மூத்தவள் என்னை அக்கா என்றாள், அவரை அண்ணே என்றாள். கூப்பிடுகிற முறையை வைத்து எதையும் முடிவு கட்டமுடியாது.

"நீங்க உள்ள உக்காருங்கக்கா" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் நடக்குறோம். எறங்குதா இல்லையான்னு நீங்களே பாத்துக்கங்க."

அவர் எதை அழுத்தவேண்டும் என்று காட்டிவிட்டு வெளியே வந்தார். நான் உள்ளே போனேன். ஓலையை மூடினார்கள்.

இடுக்கு வழியாக நான் பார்த்தது பறவையை அல்ல. அவர்கள் இரண்டு பேரின் முதுகைத்தான். அவர் முன்னால், அவள் ஏழெட்டு அடி பின்னால். பாதி தூரத்தில் அவள் என்னவோ சொன்னாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அவர் கரையில் கிடந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தார். அவள் நிற்காமல் தண்ணீரோரம் போய்க் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். 

அப்போதுதான் கத்தல் நின்றிருப்பதைக் கவனித்தேன். கை எட்டும் தூரத்தில் ஒரு ஆலா இறங்கி நின்றது. குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கறுப்புத் தலை, நெற்றி மட்டும் வெள்ளை, மஞ்சள் மூக்கின் நுனியில் மை தொட்டமாதிரி ஒரு கறுப்பு. கூட்டையே பார்த்தது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது, திரும்பி அடுத்த கண்ணால் பார்த்தது. இரண்டடி வைத்தது, நின்றது, பறந்துபோய் மறுபடி வந்து இறங்கியது. அதற்கு என்மேல் முழு நம்பிக்கை வரவே இல்லை. வராமலேதான் போய் முட்டைமேல் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் அதன் ஜோடி ஒரு பொடிமீனைக் கவ்விக்கொண்டு வந்து அதன் வாயில் கொடுத்தது. அழுத்தினேன்.

திரும்பும்போது பஸ்ஸில், "எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எப்போ? சிரிச்சேனா?" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை.

அந்த ரோலில் மீன் கொடுக்கிற படம் மட்டும் நன்றாக விழுந்திருந்தது. பெரிசாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினார். யார் எடுத்தது என்று கேட்கிறவர்களிடம், "வீட்டுல எடுத்தாங்க" என்பார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள். நம்பாமலே போவார்கள்.

வைகாசி முடியும்வரை செவ்வாய்தோறும் நானும் போனேன். அவரை உள்ளே விட்டுவிட்டு நானும் கிளிஞ்சல்காரியும் சேர்ந்து நடப்போம். ஒருநாள் அவளிடம், "எங்க வீட்டுக்காரரு ஒங்ககிட்ட என்னதான் பேசுவாரு?" என்று கேட்டேவிட்டேன்.

"ஒங்களப் பத்தித்தான்" என்றாள் கூடையை மாற்றி வைத்துக்கொண்டு. "அவ பென்சில் பட்டா செத்தவுக முகத்துலகூட ஒரு களை வந்துரும்னு சொல்லுவாரு."

என்னிடம் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது. நாலடி நடப்பதற்குள், அப்படிக் கேட்டால் இப்படிச் சொல் என்று அவர்தான் சொல்லிவைத்திருப்பாரோ என்றும் இருந்தது.

மறு வருஷம் நாங்கள் போனபோது கடல் அந்த மேட்டை அரித்துவிட்டிருந்தது. ஆலா வேறு எங்கோ போய்விட்டது. காளவாயும் மூடிக்கிடந்தது, அவளையும் காணவில்லை. யாரிடமாவது அவளைப் பற்றி விசாரிக்கிறாரா என்று நாள் முழுக்க அவர் வாயையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் விசாரிக்கவில்லை. அவர் ஸ்டாண்டை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நான்தான் கேட்டேன். ஜகதாப்பட்டினத்தில் தம்பி வீட்டோடு போய் இருந்துகொண்டதாகச் சொன்னார்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை.