ஹாரன் அடித்தால் குளிர் நிற்கும் கார்

தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதில் யாரோ பின்னாளில் ஏ.சி. பொருத்தியிருந்தார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி. அதில் காற்றுக்கு ஒரு திருகு, குளிருக்கு ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். குளிர் நன்றாகவே வரும். ஆனால் ஏ.சி. ஓடும்போது ஹாரனைக் கொஞ்சம் நீளமாக அடித்துவிட்டால் ஃப்யூஸ் போய், இரண்டும் சேர்ந்து நின்றுவிடும். என் கணவர் சட்டைப் பையில் எப்போதும் ஃப்யூஸ்கள் வைத்திருப்பார். ஊருக்குள் ஹாரன், ஊர் தாண்டினால் ஏ.சி. என்று ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கோடையில் மாமனாருக்கு நாங்கள் இருந்த திருநெல்வேலியில் கண் ஆபரேஷன் நடந்தது. திருச்செந்தூரில் தன் வீட்டுக்குப் போனால்தான் தூக்கம் வரும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கண்ணில் தூசியும் அனலும் படக்கூடாது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூட்டிப்போங்கள் என்றார் டாக்டர். வழியெல்லாம் பஸ், ஊருக்குள் நுழைந்தால் கோயில் கூட்டம். ஏ.சி.யும் வேண்டும், ஹாரன் இல்லாமலும் முடியாது.

பக்கத்தில் பேட்டையில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். "பூரா வயரையும் பிரிச்சுப் பாக்கணும் அண்ணாச்சி. ஒரு வாரம் வண்டி இங்கன நிக்கட்டும்" என்றார். மாமனாரோ ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை கிளம்பத் துணிமணியை எடுத்து வைத்துவிட்டார்.

"நான் பாக்குதேன்" என்றேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக இருந்தேன். வயரும் ரிலேயும்தான் எனக்கு அன்றாட வேலை.

"எக்ஸ்சேஞ்சும் காரும் ஒண்ணா?" என்றார் கணவர்.

"ரெண்டுலயும் கரண்டுதான ஓடுது."

சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்து, கரண்டு இருந்தால் எரியும் ஒரு சின்ன பல்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயராகப் பிடித்துப் போனேன். எல்லாம் ஒரே கறுப்பு. மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. ஏ.சி. பொருத்தியவர் அதற்கான கரண்டை ஹாரனின் ஃப்யூஸிலிருந்தே இழுத்திருந்தார். இரண்டும் சேர்ந்து இழுத்தால் அது தாங்கவில்லை.

"அப்ப பெரிய ஃப்யூஸாப் போட்டிரலாம்லா?" என்றார் கணவர்.

"ஃப்யூஸ் நிக்கும். வயரு எரிஞ்சிரும்."

 அவர் பேட்டைக்குப் போய், நான் கேட்ட ரிலேயையும் தடித்த வயரையும் வாங்கி வந்தார். "பேட்டரியை முதல்ல கழட்டிரச் சொன்னாரு அந்த அண்ணாச்சி" என்று அவரே கழற்றியும் வைத்தார்.

பேட்டரியிலிருந்து ஏ.சி.க்குத் தனி வயர், தனி ஃப்யூஸ். பழைய ஸ்விட்ச் இனி ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். கம்ப்ரசருக்கான கரண்டை ரிலே விட்டுக்கொள்ளும். காற்று ஓடாதபோது கம்ப்ரசர் மட்டும் ஓடி உள்ளே பனி கட்டிவிடாதபடி, ரிலேயைக் காற்றுத் திருகோடு இணைத்தேன். பேட்டரியை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. முடுக்கிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன்; பெயின்ட் கரண்டை விடாது. சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கியதும் கம்ப்ரசர் 'டக்'கென்று பிடித்தது. கணவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன வே, யாரு வாரா?" என்றார்.

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். எதிரே பஸ் வந்தபோதெல்லாம் கணவர் ஹாரன் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார். குளிர் நிற்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும், "எம்மா, குளுருது, அந்தத் துண்ட எடு" என்றார் மாமனார். துண்டை எடுத்துக் கொடுத்துக் குளிரைக் குறைத்தேன்.

"ஏலே, இத எங்க குடுத்துச் சரி பண்ணுன?" என்று மகனைக் கேட்டார்.

"எங்கயும் குடுக்கல. உங்க மருமவதான் பாத்தா."

 மாமனார் முன்னால் குனிந்து, என்ன செய்தாய் என்று என்னிடம் கேட்டார். ஒரு வழியில் இரண்டு கூட்டம் நெரிந்ததையும், ஒன்றுக்கு வேறு வழி வெட்டியதையும் சொன்னேன். ஆழ்வார்திருநகரி வரை துருவித் துருவிக் கேட்டார்.

வீட்டுக்குப் போனதும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எம்மா, கெணத்து மோட்டார் ஓடி ஓடி நிக்குது. ஒரு எட்டு பாத்திருதியா?" என்று புழக்கடைப் பக்கம் நடந்தார். நான் சிரித்துக்கொண்டே, "பைய போங்க மாமா, படி இருக்கு" என்று அவர் கையைப் பிடித்தேன்.