மூட்டைக்காரர் வைத்த டப்பா

இருபத்திரண்டு வருஷமாக அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் வெறும் மூட்டைக்காரர்தான். ஜியோகேச்சிங் என்று ஒரு பைத்தியம் இருக்கிறதே, ஒருவர் எங்கேயாவது எதையாவது ஒளித்துவைத்து, இடத்தை ஃபோனில் போட்டுவிடுவார். மற்றவர்கள் தேடிப்போய் உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, 'கிடைத்தது' என்று ஃபோனில் எழுதுவார்கள். காலணா பிரயோஜனம் கிடையாது. அந்தப் பைத்தியம் பிடித்த இருபது பேரில் மூட்டைக்காரர்தான் தலை.

அந்தப் பட்டப்பெயருக்கும் பெருமைக்கும் காரணம் அவருடைய பை. டார்ச், மாற்று பேட்டரி, கையுறை, சந்துக்குள் எட்டிப் பார்க்கக் குச்சியில் கட்டிய கண்ணாடி, சுருண்ட தாளை உருவ இடுக்கி, மழையிலும் எழுத பென்சில், பிளாஸ்திரி, கொசு மருந்து. யாருடைய டப்பாவாவது உடைந்து கிடந்தால், சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு மாற்றிவைக்க நாலு பழைய கேமரா ஃபிலிம் டப்பாக்கள், உள்ளே வெற்றுத்தாளோடு. "ஒரு நாள் என்னையும் மடிச்சு உள்ள வெச்சிடுவீங்க" என்பாள் மனைவி. பேனா மறந்தவர், முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர், எல்லாரும் அவரிடம்தான் கை நீட்டுவார்கள். லிஃப்ட் நின்றால் மட்டும் ஞாபகத்துக்கு வருகிற மனுஷருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்பேர்ப்பட்டவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர், ரயில் பாதைக்கு மேலே போகும் இரும்பு நடைமேம்பாலத்தில் ஒன்றை ஒளித்திருந்தார். மூட்டைக்காரர் மூன்று நாள் தேடினார். படிக்கட்டுக்கு அடியில் படுத்துக்கூடப் பார்த்தார். ம்ஹும். அது அவருக்கு ஐந்நூறாவது. கூட்டமே வாழ்த்தக் காத்திருந்தது. மூன்றாம் நாள் புத்தி பிசகிவிட்டது. பையிலிருந்து ஒரு ஃபிலிம் டப்பாவை எடுத்துப் படிக்கு அடியில் செருகிவிட்டு, 'கிடைத்தது' என்று எழுதிவிட்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தாள். முதன்முதலாக அந்தப் பாலத்துக்குத்தான் போனாள். 'கிடைத்தது' என்று எழுதினாள். அடுத்த ஞாயிறு டீச்சர் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"என் தாள்ல உன் கையெழுத்து இல்லையேம்மா?"

"போட்டேனே டீச்சர்! படிக்கு அடியில சின்னக் கறுப்பு டப்பா. உள்ள வெறும் தாள். நான்தான் முதல் ஆள் போலன்னு நினைச்சேன்."

"ஆறு வருஷமா இருக்கு, நீ முதல் ஆளா? நான் வெச்சது டப்பாவே கிடையாது. பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதறது அசிங்கம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மூட்டைக்காரர் பக்கம் திரும்பினார். "உங்க கையெழுத்தும் இல்லதான், ஆனா அது நிறைஞ்சுபோன பழைய தாள்ல இருந்திருக்கும். நான்தான் பார்க்காம தூக்கிப் போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

வாயைத் திறந்தாரா? திறந்தார். "பரவாயில்ல டீச்சர்" என்றார். பாவி மனுஷன்!

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, எடுத்துக் காட்டறேன். அண்ணே, நீங்களும் வாங்க. சாட்சிக்கு."

மறுநாள் அவர் வேலையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் பாலத்துக்குப் போனார். இடுக்கியால் டப்பாவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் பொய்க்காரி ஆனாலும் ஆகட்டும், தன் மானம் தப்பினால் போதும். அப்படித்தான் நினைத்தார், மழுப்புவானேன்.

இருவரும் வந்தார்கள். அவள் நேராகப் போய்ப் படிக்கு அடியில் கையை விட்டாள். துழாவினாள். மண்டிபோட்டு மறுபடி துழாவினாள்.

"இங்கதான் டீச்சர்... சத்தியமா இங்கதான் இருந்துச்சு."

"சரி விடும்மா, எழுந்திரு" என்றார் டீச்சர். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணே, உங்க டார்ச்சைக் கொஞ்சம் குடுங்க."

பையைத் திறந்தார். மேலேயே டார்ச், அதை ஒட்டி டப்பா. மண்டிபோட்டபடியே அவள் கை நீட்டினாள். அவர் டப்பாவை எடுத்து நீட்டினார்.

"இதுதானேம்மா? நான் வெச்சது. எனக்குக் கிடைக்கல, அதான் இதை வெச்சேன். இப்ப நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்ததும் நான்தான்."

டீச்சர் தாளைப் பிரித்தார். ஒரே ஒரு கையெழுத்து, அவளுடையது. "என்னை மன்னிச்சிடும்மா" என்றார் அவளிடம். பிறகு அவரைப் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார் என்று மூட்டைக்காரர் தலைகுனிந்து நின்றார்.

"நீங்க தினம் ஸ்பேனர் போட்டுத் திருகறதுதான் அது" என்றார் டீச்சர்.

நிமிர்ந்தார். கைப்பிடி முழுக்க வரிசையாகப் போல்ட்டுகள். அதில் ஒன்று போலி, தாள் அதற்குள். லிஃப்ட் மெக்கானிக் மூன்று நாள் அதன்மேல் கை வைத்துக்கொண்டேதான் ஏறி இறங்கியிருக்கிறார். கூனிக் குறுகிப்போனார்.

அந்தப் பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ இது கணக்குல சேராதா டீச்சர்?"

"சேராதும்மா."

அவள் முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, முதல் படியிலிருந்து போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்க ஆரம்பித்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. மூட்டைக்காரர் அவசரமாக டார்ச்சைப் போட்டு அவளிடம் நீட்டினார்.

"வேணாண்ணே" என்றாள், திரும்பாமலே. "என் ஃபோன்லயே இருக்கு."