அக்காவின் சாம்பல் கோழி

எங்கள் சாம்பல் கோழியின் முட்டையை அவித்து உடைத்தால் ஓட்டின் உட்புறமும் வெளிர்நீலமாகவே இருக்கும். அதன் சூட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்ததற்காக அம்மாவிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

அது யுத்தகாலம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. மலைத்தோட்டத்துத் துரை ஒருவரிடம் அப்பா குமாஸ்தா. துரை ஊரைவிட்டுப் போனபோது அவர் மனைவி, தென்னமெரிக்காவிலிருந்து வந்த வகை என்று பொத்திப்பொத்தி வளர்த்த ஒரு ஜோடிக் கோழிகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அந்த இனத்திலேயே அபூர்வமான நிறம் அவற்றுக்கு: இளம் ஊதா கலந்த சாம்பல். வந்த மழையிலேயே சேவல் சீக்கில் செத்தது.

"இந்த நெறம் இதோட தீந்துது," என்றார் அப்பா.

"தீர விடமாட்டேன்," என்றாள், பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டில் இருத்தப்பட்டிருந்த ஞானம் அக்கா.

சாம்பல் பெட்டையைப் பக்கத்து வீட்டுக் கறுப்புச் சேவலோடு சேர்த்தாள். பொரித்ததெல்லாம் கறுப்பு. தெருவே சிரித்தது. குஞ்சுகள் வளர்ந்ததும், அவற்றில் ஒரு சேவலைத் தாய்ப்பெட்டையோடு அடைக்கப்போவதாக அக்கா சொன்னபோது அப்பா கொதித்துப்போனார்.

"தாயும் மகனுமா? வேதத்துக்கு அடுக்குமாட்டி?"

"கோழி ஞானஸ்நானம் எடுத்திருக்காப்பா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா விடவில்லை. "உங்களுக்கும் அம்மாவுக்கும் இல்லாத பூனைக்கண் எனக்கு எங்கேருந்து வந்துது? தாத்தாகிட்டேருந்துதானே? அதுமாதிரி நெறமும் உள்ளுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கும்."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். சாம்பல் குஞ்சு ஒண்ணாவது வரலேன்னா அந்தச் சேவல் சட்டியிலதான், கேட்டியா?"

முதல் அடை ஐப்பசித் துலாமழை இடியில் ஒன்றும் பொரிக்காமல் "கூமுட்டை"யாகிப் போனது. அக்கா கெட்ட முட்டைகளை எடுத்துக் கொட்டினாள். கூடையைக் கழுவினாள், புது வைக்கோல் விரித்தாள், அடைக்கோழி ஒன்று கேட்டு வீடுவீடாக ஏறி இறங்கி, கடைசியில் முன்பு சிரித்தவர்களின் வீட்டிலிருந்தே ஒன்றைத் தூக்கிவந்தாள். தெருவில் கிறிஸ்துமஸ் பஜனைக்காரர்கள் பாடிப்போகத் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஓடுகள் விரிசல் விட்டன. கறுப்பு, மறுபடியும் கறுப்பு. அக்காவின் கை என் தோளை நெரித்தது. அடுத்த ஓட்டிலிருந்து ஈரத்தோடு எழுந்த குஞ்சு, வெயிலில் உலர உலர, புகைபோல வெளுத்தது. அதற்குப்பின் இன்னொன்றும்.

அப்பா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு ஆட்டுக்கறி எடுத்துக்கலாம்," என்றார்.

கல்யாணமாகி மார்த்தாண்டத்துக்குப் போனபோது அக்கா நகைப்பெட்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கோழிக்கூடையைத்தான் மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் அங்கே நாட்டுச் சேவல்களோடு கலந்து கலந்து, சில ஆண்டுகளில் நிறமும் போயிற்று, நீல முட்டையும் போயிற்று. எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இன்று இரும்புக்கடைக் கிடங்கு. போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். பார்வை மங்கிவிட்டது. கோழிப் பேச்சை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "எங்கேயாவது ஒரு பெட்டை கெடைக்குமான்னு பாரு. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."