மேட்டில் கேட்ட டர்போ விசில்

கையெழுத்துக் கோணலையும் எழுத்துப் பிழையையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான்.

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்தில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரஸர் ஓட்டினவராம். கல் தூசி நெஞ்சில் இறங்கி, சட்டைக்கு மேலேயே விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தார். பேருந்து மேடு ஏறும்போதெல்லாம் கண்ணை மூடி இஞ்சினின் விசிலைக் கேட்டார்.

“அது என்ன சத்தமுங்க?” என்று கூச்சத்தோடு கேட்டேன்.

“டர்போங்க. இஞ்சினுக்குக் காத்தை அமுக்கிக் குடுக்கும். வெளிய போற புகையிலயே சுத்தறதால, மிதிச்சாக் கொஞ்சம் பொறுத்துத்தான் இழுக்கும்.” மூச்சு வாங்க நிறுத்தினார். “சில கார்ல சூப்பர்சார்ஜர் இருக்குமுங்க. அது பெல்ட்டுல ஓடி இஞ்சின் பலத்தையே திங்கும். ஆனா மிதிச்ச ஒடனே இழுக்கும்.”

“எதுங்க நல்லது?”

“எனக்கு ஏதாச்சும் ஒண்ணை மாட்டுனாப் போதுஞ்சாமி.” சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஊட்டுல எத்தனை நாளைக்குத்தானுங்க ஒக்காந்திருக்கிறது? இன்னிக்கு டாக்டருகிட்ட மூச்சு வாங்கறதில்லைன்னு சொல்லப் போறேன். சரின்னுட்டார்னா மறுபடி ரிக்குக்குப் போயிருவேன். நம்புவாருங்களா?”

அவர் பக்கம் காற்று வரட்டுமென்று ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியவர், கம்பத்தைப் பிடித்து மூச்சு சேரும்வரை நின்றார். பின், டாக்டர் எதிரே நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். டாக்டர் நம்பியிருக்க வேண்டுமென்று வேண்டுவதா, நம்பியிருக்கக் கூடாதென்று வேண்டுவதா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

எழுதியது ஆடி பதினெட்டு.