புறப்பாடு என்ற பலகை

ஒரகடம் கம்பெனி தம்பியை இரண்டு வருடப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர்காற்று சென்ட் வாசனையோடு முகத்தில் அடித்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

தொண்ணூற்றொன்றிலும் இப்படித்தான் பிடித்தாள். சவுதியில் கொத்தனாராக இருந்த அப்பா, வளைகுடாச் சண்டைக்குப் பயந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் பென்னலூரில் மளிகைக் கடைக்கு போன் வந்தது. "புறப்பட்டுட்டாராம்மா" என்றார் கடைக்காரர். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இங்கே 'புறப்பாடு' என்ற பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"புறப்பட்டவங்க இப்டிதான் வருவாங்க" என்று அதன் கீழேயே நின்றுவிட்டாள்.

கதவு திறக்கும்போதெல்லாம் இதே காற்று. எல்லோரும் உள்ளே போனார்களே தவிர, ஒருவரும் வெளியே வரவில்லை. வெயில் ஏறியது. தம்பி அழுது ஓய்ந்தான். அம்மா கடைசியில் காவலரிடம் போனாள்.

"சார், சவுதி பிளேனுக்கு இன்னா ஆச்சு? ஒருத்தரும் வரலியே?"

"இது போறவங்க வாசல்மா. வர்றவங்க அந்தாண்ட."

ஓடினோம். அங்கே கூட்டம் கலைந்திருந்தது. அப்பா மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"யாரும் வரலன்னதும், வூட்ல இன்னாமோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

இப்போது அதே புறப்பாடு வாசலில் தம்பி கையசைத்துவிட்டு உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. கார் காத்திருக்கிறது என்று நான் அவசரப்படுத்தினேன். அம்மா நகரவில்லை.

"வர்ற வாசல் எந்தாண்டடீ?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சும்மாதான். அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்."