விலாங்கின் காவல்

ஏரியில் அவனுக்குப் பெயர் விலாங்கு. மீன் முட்டையிடும் பருவத்தில் நாணல் குடாவில் யாரும் வலை வீசக்கூடாது என்பது அங்குள்ள மீனவர்களின் பழைய கட்டுப்பாடு. அங்கேயே வீசிவிட்டு, யார் கையிலும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்ச் சம்பாதித்த பெயர் அது. ஒருநாள் சிக்கினான்.

தண்டனையும் பழையதுதான். திருடியவனே காவல்காரன். குடாவின் வாயில் கால் நட்டுக் கட்டிய குடிசையில் ஒவ்வொரு பருவமும் முழுக்க உட்கார வேண்டும். இன்னொரு திருடனைப் பிடித்துக் கொடுத்தால்தான் விடுதலை. காற்றே இல்லாமல் நாணல் ஆடினால், சினை மீன் தண்டில் வயிற்றைத் தேய்க்கிறது என்று அர்த்தம். அந்த ஆட்டத்தைத் திருடனைவிட உன்னிப்பாக யார் பார்ப்பார்கள்? கட்டுப்பாடு போட்டவர்கள் விவரமானவர்கள்.

விலாங்குக்குக் குடிசை ஜெயிலாக இருந்தது. ஒரு ஏமாளியாவது மாட்டமாட்டானா என்று, போகிற படகையெல்லாம் கூப்பிட்டு, குடாவில் மீன் தொடை தொடையாகப் புரள்வதாக அளந்துவிட்டான். சாப்பிட்டதும் தான் அசந்து தூங்கிவிடுவதையும் மறக்காமல் சொன்னான். ஒருவரும் மசியவில்லை. பாதிப் பேர் அந்தக் குடிசையில் இருந்து மீண்டவர்கள்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நண்பகல், சாப்பாடு கொண்டுவந்த மனைவி, தூக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு, கூடையிலிருந்து வலையை எடுத்து அவன் கண்ணெதிரே வீசினாள். மீன் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வீசினாள், பாசிதான் வந்தது. அதையெல்லாம் கவனிக்க அவனுக்கு ஏது நேரம்? விசிலை எடுத்து ஊதித் தள்ளினான். பெண்டாட்டியையே பிடித்துக்கொடுத்த உத்தமன் என்று மீனவர் சங்கத் தலைவர் முதுகில் தட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் குடிசை ஏறினாள். தன்னை மீட்கத்தான் இந்தத் தியாகம் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனபின்தான் விஷயம் புரிந்தது. அடுப்பு, துணி, படுத்த இடத்திலிருந்தே அதிகாரம் செய்யும் அம்மா, ஒருத்தியை ஒருத்தி கிள்ளும் மூன்று பெண்கள். சாப்பாடு கொண்டுபோனால் மனைவி காலை நீட்டிக்கொண்டு, உப்பு குறைச்சல் என்றாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அவனுக்கு வயிறெரிந்தது.

அடுத்த பருவம் தொடங்கியதும் வலையோடு குடாவுக்குக் கிளம்பினான், பிடிபடுவதற்காகவே. நாணலை நெருங்கும் முன்பே குடிசையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, அங்கயே நில்லுங்க.”

“வீசினப்புறம் பிடிச்சுக்கோயேன். நான் என்ன ஓடவா போறேன்?”

“வீச விட்டுட்டுப் பிடிச்சா அது என்ன காவலு? ரெண்டு சினை மீனு போயிடும், நீங்களும் வந்து இங்க உக்காந்துப்பீங்க. திரும்பிப் போங்க. கடைக்குட்டிக்குத் தலை பின்னணும், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு.”

அவன் படகைத் திருப்பினான். அவள் காவலில் இதுவரை ஒரு திருடனும் பிடிபடவில்லை. குடாவில் மீன் பெருத்துவிட்டது. விலாங்கு இப்போது நன்றாகச் சமைக்கிறான்.